ஏற்ற வேளையில் ஒரு பிடி தீவனம்

சென்ற ஆண்டு விடுமுறை வேதாகமப் பள்ளி முடிந்த கையோடு நம் ஞாயிறு பள்ளி அறையில் ஒரு மீன்தொட்டி வைத்தோம். (இங்கே வளைகுடாவில் அது வெள்ளிக்கிழமை நடந்தாலும் நமக்கு அது ஞாயிறு பள்ளிதான்!) ஆறு தங்கமீன்கள், ஒரு டப்பா தீவனம். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம்.

மூன்றாவது வாரம், ஞாயிறு மாலை வாலிபர் கூடுகைக்காக அந்த அறையைத் திறந்தோம். தொட்டித் தண்ணீர் பால்போலக் கலங்கியிருந்தது. நான்கு மீன்கள் செத்து மிதந்தன. அண்ணனுடன் வந்திருந்த ஒரு சின்னப் பெண் அழுதேவிட்டாள். "வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் யாருமே சாப்பாடு போடல அங்கிள். பட்டினி கிடந்து செத்துப்போச்சு" என்றாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

நம் சபையில் ஓர் அண்ணன் இருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இங்கே கடல்மீன் குஞ்சு பொரிப்பகம் ஒன்றில் வேலை செய்கிறார். அவர் குனிந்து தொட்டியின் அடியைப் பார்த்தார். கூழாங்கற்களின்மேல் ஊறிப்போன தீவனம் ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. "வெள்ளிக்கிழமை எத்தனை பிள்ளைங்க வந்தாங்க?" என்று கேட்டார். நாற்பது பேர் இருக்கும் என்றோம். "ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டிருப்பாங்க, இல்லையா? தம்பி, இது பட்டினியால சாகல. விருந்தால செத்திருக்கு" என்றார்.

நாற்பது பிள்ளைகளும் அன்போடுதான் போட்டார்கள். அன்பு குறையவில்லை, அளவும் நேரமும்தான் தவறின. அன்று அவர் பேசத் தொடங்கியது, பின்பு பல வாரங்கள் தொடர்ந்தது. அதோடு நானும் தேடிப் படித்தேன். மீன் பண்ணைகளில் குஞ்சுகளுக்கு எப்போது, எத்தனை முறை, எவ்வளவு தீவனம் கொடுப்பது என்பது ஒரு தனிக் கலை, தனி அறிவியல். நாம் வாரந்தோறும் வாங்கும் மீனின் எதிர்காலமும் அதில் அடங்கியிருக்கிறது. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நம் தட்டில் இருக்கும் ஹமூர்

வளைகுடாவுக்கு வந்த புதிதில் நாம் எல்லாரும் கற்றுக்கொள்ளும் முதல் மீன் பெயர் ஹமூர். ஊரில் நாம் கலவா என்று சொல்லும் மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. அரபு வீடுகளில் விருந்துக்கு இது இல்லாமல் முடியாது. அந்த ஆசையே அதற்கு ஆபத்தாயிற்று. பல ஆண்டுகளாக அளவுக்கு மீறிப் பிடித்ததால் வளைகுடாக் கடலில் ஹமூர் வெகுவாகக் குறைந்துபோயிற்று. மெதுவாக வளரும் மீன் அது. முட்டையிடும் பருவம் வருமுன்னே பிடிபட்டால் அடுத்த தலைமுறைக்கு வழியில்லை.

ஆகவே வளைகுடா நாடுகள் மீனை வளர்க்கவும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இதில் முன்னோடி குவைத். அங்குள்ள அறிவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஹமூர் குஞ்சுகளைத் தொட்டியில் வளர்த்த அனுபவத்தை 1980-லேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பஹ்ரைனில் ராஸ் ஹய்யான் என்ற இடத்தில் தேசியக் கடல்மீன் வளர்ப்பு மையம் இருக்கிறது. நம் அமீரகத்தில் உம் அல் குவைன் கடலோரத்தில் ஷேக் கலீஃபா கடல் ஆய்வு மையம், உள்ளூர் மீன் வகைகளின் குஞ்சுகளை வளர்த்துக் கடலில் விடுகிறது. சவூதியின் செங்கடல் கரையில் அல் லித் பகுதியில் இறாலும் மீனும் பெரிய அளவில் வளர்க்கப்படுகின்றன. துபாயின் ஜெபல் அலியில், பாலைவன வெயிலுக்கு நடுவே, குளிரூட்டிய மூடிய தொட்டிகளில் சால்மன்கூட வளர்கிறது.

இத்தனை இடங்களிலும், இத்தனை வகை மீன்களுக்கும், ஒரே ஒரு வாசல்தான் மிகவும் குறுகியது. அது குஞ்சின் முதல் சாப்பாடு.

மூன்றாம் நாள்

ஹமூரின் முட்டை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெதுவெதுப்பான நீரில் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். வெளிவரும் குஞ்சு ஒரு கண்ணாடி இழைபோல இருக்கும். நீளம் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதற்கு வாய் இல்லை, குடல் முழுமையாகவில்லை, கண்ணில் இன்னும் நிறம் ஏறவில்லை. ஆனால் வயிற்றோடு ஒட்டிய ஒரு சின்னப் பை உண்டு. தாய் கட்டிக்கொடுத்த மஞ்சள் கரு. முதல் இரண்டு மூன்று நாட்கள் அந்தக் கட்டுச்சோறுதான் அதற்கு உணவு.

மூன்றாம் நாள் வாக்கில் வாய் திறக்கிறது. கண் தெளிகிறது. கிட்டத்தட்ட அதே வேளையில் கட்டுச்சோறும் தீர்ந்துபோகிறது. அந்தச் சில மணி நேரத்தில், அந்த மிகச்சிறிய வாய்க்குள் நுழையக்கூடிய உயிருள்ள இரை கண்ணுக்கு முன்னால் நீந்த வேண்டும். இல்லையென்றால்?

ஒரு நாள் தாமதமாகச் சாப்பிட்டால் ஒரு நாள் தாமதமாக வளரும், அவ்வளவுதானே என்று நாம் நினைப்போம். அப்படியில்லை. 1963-இல் பிளாக்ஸ்டர், ஹெம்பல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஹெர்ரிங் மீன் குஞ்சுகளை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். மஞ்சள் கரு தீர்ந்த பிறகு குறிப்பிட்ட அவகாசத்துக்குள் இரை கிடைக்காத குஞ்சு ஓர் எல்லையைக் கடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு அது உயிரோடுதான் இருக்கும். மெதுவாக நீந்தவும் செய்யும். ஆனால் தொட்டி நிறைய இரையைக் கொட்டினாலும் அதனால் துரத்திப் பிடித்துச் சாப்பிட முடியாது. அந்தப் பலம் போய்விட்டது. அந்த எல்லையைத் திரும்ப முடியாத நிலை என்று விஞ்ஞானிகள் அழைக்கிறார்கள். குளிர்ந்த கடலின் ஹெர்ரிங்குக்கு இந்த அவகாசம் சில நாட்கள். நம் வெப்பக் கடல் மீன்களுக்கு அதைவிட மிகவும் குறைவு. வெப்பம் கூடக்கூட உடல் தன் சேமிப்பை வேகமாகச் செலவழித்துவிடும்.

இந்த எண்ணத்துக்கு இன்னும் பழைய வேர் உண்டு. நார்வேயைச் சேர்ந்த யோஹான் யோர்ட் என்ற விஞ்ஞானி 1914-இல் ஒரு கேள்விக்குப் பதில் தேடினார். ஒரு சில ஆண்டுகளில் வலை கிழியுமளவுக்கு மீன், வேறு சில ஆண்டுகளில் வெறும் வலை. ஏன்? மீன்களின் வயதைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, 1904-ஆம் ஆண்டில் பிறந்த ஹெர்ரிங் மீன்களே பல ஆண்டுகளுக்கு வலைகளை நிரப்பியது தெரியவந்தது. அந்த ஆண்டின் குஞ்சுகள் மட்டும் ஏன் அத்தனை பிழைத்தன? குஞ்சுகள் முதன்முதலாக இரை தேடும் அந்தச் சில நாட்களில் இரை கிடைத்ததா இல்லையா என்பது ஒரு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று அவர் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் இது ஒன்றே காரணமல்ல என்று காட்டினாலும், முதல் இரையின் வேளை எவ்வளவு முக்கியம் என்பதைப் பொரிப்பகங்கள் தினந்தோறும் கண்ணால் காண்கின்றன.

தீவனத்துக்கும் தீவனம்

அந்தக் குட்டி வாய்க்கு என்ன கொடுப்பார்கள்? ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர். ஒரு மில்லிமீட்டரைப் பத்தாகப் பிரித்தால் வரும் ஒன்றிரண்டு பங்கு அளவுதான் இருக்கும். ஹமூரின் வாய் மற்றக் குஞ்சுகளின் வாயைவிடவும் சிறியது என்பதால், ரோட்டிஃபரிலும் மிகச்சிறிய இனத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இந்த ரோட்டிஃபருக்கும் பசிக்கும். அது உண்பது பச்சை நிற நுண்பாசி. ஆகவே பொரிப்பகத்தில் முதலில் பாசியை வளர்க்கிறார்கள். பாசியைக் கொண்டு ரோட்டிஃபரை வளர்க்கிறார்கள். அது போதிய அளவு பெருகிய பின்புதான் தாய் மீன்களின் முட்டைகளைக் குஞ்சுத் தொட்டிக்கு மாற்றுகிறார்கள். குஞ்சு பிறப்பதற்குப் பல நாட்களுக்கு முன்பே அதன் சாப்பாட்டு வேலை ஆரம்பமாகிவிடுகிறது. பாசித் தொட்டி ஒரு நாள் கெட்டுப்போனால், ஒரு வாரம் கழித்துப் பிறக்கும் குஞ்சுகள் பட்டினி கிடக்கும்.

ரோட்டிஃபரைத் தொட்டியில் விட்டால் மட்டும் போதாது. அதன் வயிறு காலியாக இருந்தால் குஞ்சுக்குச் சத்து ஏறாது. கடல்மீன் குஞ்சுகளுக்கு மூளையும் கண்ணும் நன்றாக அமைய ஒமேகா 3 வகைக் கொழுப்புகள் அவசியம். அதனால் கொடுப்பதற்குச் சில மணி நேரம் முன்பு ரோட்டிஃபருக்கே சத்தான எண்ணெய்க் கலவையை ஊட்டுகிறார்கள். ஊட்டிய சத்து நேரம் போகப்போகக் குறைந்துகொண்டே வரும். காலையில் ஊட்டியதை மாலையில் கொடுத்தால் பாதிப் பயன்தான். ஆகவே இரைக்கு எப்போது ஊட்டுவது, ஊட்டிய இரையைக் குஞ்சுக்கு எப்போது கொடுப்பது என்று இரண்டுக்கும் மணி குறித்த அட்டவணை சுவரில் தொங்கும்.

இரண்டாவது வாரம் வாக்கில் குஞ்சின் வாய் பெரிதாகும். அப்போது ஆர்டீமியா என்ற உப்புநீர் நுண்ணிறாலின் குட்டிகளைத் தருவார்கள். இதன் காய்ந்த முட்டைகள் டப்பாவில் வரும். அமெரிக்காவின் பெரிய உப்பு ஏரி போன்ற இடங்களிலிருந்து இவை வருகின்றன. உப்புநீரில் போட்டால் ஒரு நாளில் பொரியும். இதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பொடித் தீவனத்துக்குப் பழக்குவார்கள். ஒரே நாளில் மாற்றினால் குஞ்சு திரும்பிக்கூடப் பார்க்காது. பல நாட்களுக்கு உயிர் இரையும் பொடியும் சேர்த்துக் கொடுத்து, உயிர் இரையை மெல்லக் குறைப்பார்கள். தாய்மார்கள் பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கும் அதே பொறுமை.

ஏன் ஒரு நாளைக்குப் பல முறை கொடுக்க வேண்டும்? காரணம் எளிது. ஆரம்பத்தில் குஞ்சுக்கு நம்மைப் போன்ற இரைப்பை கிடையாது. ஒரு நேரான குழாய்தான். உள்ளே போவது சீக்கிரமே வெளியே போய்விடும். சேமித்து வைக்க இடமில்லை. இரைப்பை உருவாகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. வெளிச்சம் இருக்கும் நேரமெல்லாம் இரை கண்முன் இருக்க வேண்டும். ஏனென்றால் கண்ணால் பார்த்துத்தான் குஞ்சு இரையைப் பிடிக்கிறது.

கொடுவா கற்பித்த பாடம்

நம்மில் பலருக்கு ஊரில் பழகிய மீன் கொடுவா. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு நிலையத்தில், 1997-இல் கொடுவாவைக் கட்டுப்பாட்டில் முட்டையிட வைத்துக் குஞ்சு எடுத்தது. பின்பு மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையம் 2010-இல் கடல்விராலையும், அடுத்த ஆண்டு வெள்ளி நிறப் பாரை வகை ஒன்றையும் இதேபோல் வளர்த்தெடுத்தது. இந்த மீன்களைப் பற்றிய அனுபவம் வங்கக் கரையிலும் வளைகுடாவிலும் ஏறக்குறைய ஒரே பாடத்தைச் சொல்கிறது.

கொடுவாக் குஞ்சுகள் பிறந்து மூன்று வாரம் ஆகும்போது ஒரு விபரீதம் தொடங்கும். ஒரே நாளில் பிறந்த, ஒரே தொட்டியில் வளர்ந்த குஞ்சுகளில் சில மட்டும் வேகமாகப் பெருக்கும். அவை தங்கள் உடன்பிறப்புகளையே விழுங்க ஆரம்பிக்கும். ஒரு கொடுவாக் குஞ்சு தன் நீளத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு உள்ள இன்னொன்றை விழுங்கிவிடும். ஹமூரும் அப்படியே. ஆயிரக்கணக்கான குஞ்சுகள் இருந்த தொட்டியில் காலையில் எண்ணிப் பார்த்தால் பாதியைக் காணோம். செத்த மீன் ஒன்றுகூட மிதக்காது!

இது வெறும் குணத்தால் மட்டும் வருவதல்ல; சாப்பாட்டு வேளையும் இதில் சேருகிறது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை மட்டும், அதுவும் தொட்டியின் ஒரே மூலையில் தீவனம் விழுந்தால் என்ன நடக்கும்? பெரிய குஞ்சுகள் முண்டியடித்து முன்னால் வந்து வயிறு நிறைக்கும். சின்னவை ஓரத்தில் நிற்கும். நாளாக நாளாகப் பெரியது இன்னும் பெரியதாகும், சிறியது அப்படியே நிற்கும். இடைவெளி கூடும். பசியும் சேர்ந்தால் அடுத்த வேளைக்குச் சிறியதே இரை.

அதையே நாளைக்கு ஐந்தாறு முறையாகப் பிரித்து, தொட்டி முழுக்கப் பரவலாகத் தூவினால், முதல் கூட்டம் வயிறு நிறைந்து விலகியதும் பின்னால் நிற்பவற்றுக்கும் கிடைக்கும். குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே அளவில் வளரும். அதோடு சில நாட்களுக்கு ஒருமுறை சல்லடை போன்ற பெட்டியால் குஞ்சுகளைப் பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரித்து வேறு வேறு தொட்டிகளில் விடுவார்கள். "சின்னதுங்கள தனியா விட்டுப் பாருங்க தம்பி. கொஞ்ச நாள்ல அதுலயே நல்லா வளர்ற குஞ்சு வரும். அதுவரைக்கும் அதுக்குச் சாப்பாடு எட்டல, அவ்வளவுதான்" என்றார் அந்த அண்ணன்.

விரல் நீளம் வளர்ந்த குஞ்சுக்கு இன்னொரு பலமும் வந்துவிடுகிறது. சில நாட்கள் தீவனம் குறைந்தாலும், பிறகு நன்றாகக் கிடைக்கும்போது ஆவலாகத் தின்று, விட்ட வளர்ச்சியில் ஒரு பங்கையாவது எட்டிப்பிடிக்கும். பல மீன் இனங்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் மூன்றாம் நாள் குஞ்சுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரே தவறு, ஒரு வயதில் ஈடுகட்டலாம். இன்னொரு வயதில் முடியாது.

அதிகம் போட்டால் என்ன?

இப்போது நம் தங்கமீன் தொட்டிக்குத் திரும்புவோம். மீன் தீவனத்தில் புரதம் அதிகம். கொடுவா, ஹமூர் போன்ற ஊனுண்ணி மீன்களின் தீவனத்தில் ஏறக்குறைய பாதி புரதம்தான். அந்தப் புரதம் செரித்த பின் கழிவாக வருவது அம்மோனியா. மீன் அதைச் செவுள் வழியாக நீரிலேயே விடுகிறது. தின்னாமல் அடியில் படிந்து அழுகும் தீவனமும் அம்மோனியாவையே விடும். அம்மோனியா கூடினால் செவுள் பாதிக்கப்படும், மீன் மூச்சுத் திணறும்.

அழுகும் தீவனம் இன்னொன்றையும் செய்கிறது. அதைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மீனும், சாப்பிட்ட பிறகு செரிப்பதற்காக வழக்கத்தைவிட அதிக ஆக்சிஜனைக் கேட்கும். தேவை கூடும் வேளையில் இருப்புக் குறையும். எங்கள் தொட்டியில் நடந்தது அதுதான்.

வளைகுடாவில் இது இன்னும் கடுமை. வெப்பம் கூடினால் நீரில் ஆக்சிஜன் கரைவது குறையும். உப்புக் கூடினாலும் குறையும். இந்தக் கடல் இரண்டிலும் அதிகம். 20 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் வளைகுடாக் கடல்நீர் 7 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜனைத் தாங்கும். கோடையில் 35 பாகையில் ஐந்தரை மில்லிகிராம்தான். வெயில் காலத்தில் மீனுக்குப் பசி எடுப்பது போலத் தெரிந்தாலும், நீர் மிகவும் சூடான நாட்களில் அனுபவமுள்ள பண்ணைக்காரர் தீவனத்தைக் குறைப்பார். திறந்த குளமானால் விடியற்காலையில்தான் ஆக்சிஜன் மிகவும் குறைந்திருக்கும்; இரவெல்லாம் பாசியும் சேர்ந்து சுவாசித்திருக்கும். ஆகவே சூரியன் ஏறி நீர் தெளியும்வரை முதல் தீவனத்துக்குக் காத்திருப்பார். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை வெளியில் வேலை செய்பவர்களுக்கு மதிய ஓய்வு கட்டாயம் என்பது நமக்குத் தெரியும். கோடை அட்டவணை மனிதருக்கு மட்டுமல்ல, மீனுக்கும் உண்டு.

குஞ்சுகளை அளவு பிரிப்பதற்கும், வேறு இடத்துக்கு லாரியில் கொண்டுபோவதற்கும் முன்பு ஏறக்குறைய ஒரு நாள் தீவனத்தையே நிறுத்திவிடுவார்கள். காலி வயிற்றோடு போனால் வழியில் நீர் கெடாது, குஞ்சு பிழைக்கும். போடாமல் இருப்பதும் அட்டவணையில் ஒரு வேளைதான்.

கணக்கும் கண்ணும்

எவ்வளவு போடுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு தொட்டியில் 1,000 குஞ்சுகள். ஒவ்வொன்றும் சராசரி 5 கிராம். மொத்த எடை 5 கிலோ. அந்த வயதில் ஒரு நாளைக்கு உடல் எடையில் 8 சதவீதம் என்று வைத்தால் 400 கிராம் தீவனம். அதை ஐந்து வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 80 கிராம். குஞ்சு வளர வளரச் சதவீதம் குறையும், வேளையும் குறையும். பெரிய மீனுக்கு உடல் எடையில் இரண்டு மூன்று சதவீதம், நாளைக்கு இரண்டு வேளை போதும். ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் குஞ்சுகளைப் பிடித்து எடை பார்த்துக் கணக்கைத் திருத்துவார்கள். பழைய கணக்கிலேயே போட்டுக்கொண்டிருந்தால் வளர்ந்த பிள்ளைக்குச் சிறுபிள்ளைச் சாப்பாடு போட்ட மாதிரி.

வேளைகளைக் கூட்டிக்கொண்டே போனால் வளர்ச்சியும் கூடிக்கொண்டே போகுமா? போகாது. ஓர் எல்லை வரை பலன் உண்டு. முன்பு தின்றது இரைப்பையைவிட்டு நகர்ந்து, பசி திரும்பும்போதுதான் அடுத்த வேளை பயன்படும். அதற்கு முன்பே திணித்தால் சரியாகச் செரிக்காமல் கழிவாகப் போகும். தீவனச் செலவும் வீண், நீரும் கெடும். மீன் பண்ணையில் பெருஞ்செலவே தீவனம்தான்.

நேரம் தவறாமையும் முக்கியம். மீனுக்குக் கடிகாரம் தெரியாது என்று நினைக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் தீவனம் பெறும் மீன்கள் அந்த நேரத்துக்குச் சற்று முன்பே மேலே வந்து காத்திருக்கும். அவற்றின் உடலும் செரிப்பதற்கு ஆயத்தமாகும். கடல் பிரீம் மீன்களை வைத்து நடந்த ஆய்வில், நேரம் காலம் இல்லாமல் தீவனம் பெற்றவற்றிடம் பதற்றத்தின் அடையாளங்கள் கூடுதலாக இருந்தன.

ஆனால் கணக்கு மட்டும் போதாது. கண்ணும் வேண்டும். இன்று பல பண்ணைகளில் தானியங்கிக் கருவிகள் மணி அடித்தாற்போலத் தீவனம் தூவுகின்றன. இருந்தும் குஞ்சுத் தொட்டிக்கு ஒரு ஆள் நின்று பார்க்க வேண்டும். முதல் பிடி விழுந்ததும் பாய்ந்து வருகின்றனவா? மெதுவாக வருகின்றனவா? வரவே இல்லையா? "தின்னலன்னா அட்டவணைப்படி கொட்டக்கூடாது தம்பி. என்னமோ சரியில்லன்னு அது சொல்லுது. முதல்ல தண்ணிய பாக்கணும்" என்றார் அண்ணன். பசியின்மைதான் நோயின் முதல் செய்தி. அதைக் கவனிப்பவர் ஒரு நாள் முன்னதாகக் காப்பாற்றுகிறார்.

அதனால் அந்த அண்ணன் பல வெள்ளிக்கிழமைகளில் ஆராதனைக்கு வர முடிவதில்லை. பெருநாள், கிறிஸ்துமஸ், புத்தாண்டு எதுவானாலும் மூன்றாம் நாள் குஞ்சுக்கு விடுமுறை தெரியாது. அவரை நாம் கோயிலில் காணாத நாளில் அவர் ஏதோ ஒரு தொட்டியின் ஓரத்தில் நிற்கிறார் என்று இப்போது எனக்குத் தெரியும்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு

நம் சபையில் பலர் தூத்துக்குடி, குமரி, நாகை, இராமநாதபுரம் கரைகளிலிருந்து வந்த குடும்பங்கள். கடல் நமக்குப் புதிதல்ல. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் நம் பிள்ளைகளிடம் மீன்வளப் படிப்பு என்று ஒன்று இருப்பதைச் சொல்வோர் குறைவு. தூத்துக்குடி மீன்வளக் கல்லூரி 1977 முதல் நடக்கிறது. நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு மீன்வளத்துக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் 2012-இல் தொடங்கப்பட்டது. நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தில் மீன் வளர்ப்பு, தீவனம், நோய், நீர் வேதியியல் எல்லாம் உண்டு. உயிரியலில் ஆர்வம் இருந்தும் மருத்துவம் கிடைக்கவில்லையே என்று சோர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, பெற்றோரே, இதையும் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

வீட்டுத் தொட்டிக்கு ஐந்து குறிப்புகள்

உங்கள் ஃபிளாட்டில் மீன்தொட்டி இருந்தால் இவற்றை நினைவில் வையுங்கள்.

1. நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை, ஒரே நேரத்தில். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். குட்டி மீன்களுக்கு மட்டும் இன்னும் குறைவாக, இன்னும் அடிக்கடி.

2. ஒரு நாளைக்கு ஒருவர் பொறுப்பு. அப்பா ஒருமுறை, அம்மா ஒருமுறை, பிள்ளைகள் ஆளுக்கு ஒருமுறை என்றால் மீனுக்கு ஐந்து வேளை ஆகிவிடும்.

3. மிச்சத்தை அன்றே குழாயால் உறிஞ்சி எடுங்கள்.

4. புதுத் தொட்டியில் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை மீனும் குறைவு, தீவனமும் குறைவு. எங்கள் தொட்டி மூன்று வாரத் தொட்டி என்பதை மறக்க வேண்டாம்!

5. இரண்டு மூன்று நாள் வெளியூர் போனால், வளர்ந்த ஆரோக்கியமான மீனுக்கு ஒன்றும் ஆகாது. போகிற அன்று மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போவதுதான் ஆபத்து.

மறுபடியும் ஒரு தொட்டி

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் தொட்டியை நிரப்பினோம். பிழைத்த இரண்டு மீன்களை மட்டும் முதலில் விட்டோம். அண்ணன் சொன்னபடி சுவரில் ஓர் அட்டவணை ஒட்டினோம். வெள்ளிக்கிழமைக்கு ஒரு பிள்ளையின் பெயர். மற்ற நாட்களுக்கு அருகிலேயே குடியிருக்கும் இரண்டு வாலிபர்களின் பெயர். தீவன டப்பாவுக்குள் ஒரு சின்ன உப்புக் கரண்டி. அதற்குமேல் போடக்கூடாது.

சென்ற வாரம் அன்று அழுத அதே பெண் தொட்டியின் முன் நின்றுகொண்டிருந்தாள். மீன்கள் இரண்டும் அவளைப் பார்த்து மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. டப்பா கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

"போடலையா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு என் முறை இல்ல அங்கிள். அதுக்குக் காலையிலேயே போட்டாச்சு" என்றாள். பிறகு கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, மணி அடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.